பழைய சுவத்துல தமிழ்ல ஸ்ப்ரே அடிச்சு வெச்சிருக்காங்க, தின்னர் போட்டு துடைக்கலாமா?

ஆயர்ஈத்தாம்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல வேலை செய்றவ, மத்தியானம் தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்க லிட்டில் இந்தியா பக்கம் நடந்துதான் போவேன், போற வழியில ஒரு பழைய கட்டடம் இருக்கு, வாரிசான், அதாவது பாரம்பரியக் கட்டடம்னு பலகை எல்லாம் வெச்சிருக்கும், எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே நூறு பேர் போன தூக்கிக்கிட்டு செல்ஃபிக்கு போயிருவாங்க. திங்கக்கிழமை பாக்கிறேன், அஞ்சடிக்கு பக்கத்து சந்துல சுவத்துல கருப்பு ஸ்ப்ரேல ஒரு பையன் பேரு, ஒரு பொண்ணு பேரு, நடுவுல அம்பு விட்ட ஹார்ட்டு, கீழ "என்றும் உன் நினைவிள்". ஆமா, ள் தான். என் கை அளவுக்கு ஒவ்வொரு எழுத்தும்.

சீனத்துல மலாய்ல இங்கிலீஷ்ல எவ்வளவோ கிறுக்கல் பாத்திருக்கேன், வயிறு எரியும், திட்டிட்டு போயிருவேன். இது நம்ம எழுத்துல இருக்கவும் எனக்கே யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. அதுக்குள்ள எவனோ போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டுட்டான், கமெண்ட் எல்லாம் படிச்சா தூக்கம் வராது, கிறுக்குனது ஒரு பையன், வாங்கிக் கட்டிக்கிறது மொத்த இந்தியாக்காரங்களும். எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்புல அந்த ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சு வைரல் பண்ணணும்னு எங்க சின்ன மாமா ஒத்த கால்ல நிக்கிறாரு.

நான் அங்க இருக்கிற ஒரு ஆபீஸ்ல போய் சொன்னேன், அவங்க இன்னொரு ஆபீஸ்ல சொல்லுங்கன்னாங்க, அங்க போனா ஆள் லீவுன்னாங்க. அதான் கோவத்துல ஹார்ட்வேர் கடையில ஒரு டின் தின்னரும் இரும்பு பிரஷும் வாங்கி பைக்குள்ள வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆள் நடமாட்டம் இருக்காது, நானே போய் துடைச்சிரலாமா? வேற எதாச்சும் போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிறை_சிங்கம்:
அக்கா நீங்க ஏன் துடைக்கணும், எழுதுனவன புடிச்சு அவன் நாக்கால துடைக்க வைக்கணும். நம்ம ஊர்ல சட்டம் எல்லாம் சும்மா லா. சிங்கப்பூர்ல 1994ல அமெரிக்கா பையன் ஒருத்தன் காருங்க மேல ஸ்ப்ரே அடிச்சதுக்கு அவங்க பிரசிடென்ட்டே கேட்டுக்கிட்டும் விடல, ஆறு ரோத்தான் (பிரம்படி) நாலா கொறைச்சு அடிச்சே அனுப்புனாங்க. 2010ல எம்ஆர்டி ரயில்ல கிறுக்குன வெள்ளக்காரனுக்கும் ரோத்தான்தான். போட்டோவ இங்க போடுங்க, பேரு தெரிஞ்சா ரெண்டு மணி நேரத்துல ஐசி (அடையாள அட்டை) நம்பர் வரைக்கும் எடுத்துருவாங்க நம்ம பசங்க.

சுண்ணாம்புக்காரன்:
அம்மா, மொதல்ல அந்த தின்னர் டின்ன மூடி வீட்டுல வைங்க. இரும்பு பிரஷ் பத்தி படிச்சதும் எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்னு ஓடுது.

நான் இந்த வேலையில இருபத்து மூணு வருஷம், பழைய கடைவீடு, கோயில், சர்ச்சு எல்லாத்துலயும் பூச்சு வேலை செஞ்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. அந்த சுவரு சிமெண்ட் கிடையாது. செங்கல்லு, மேல சுண்ணாம்பு பூச்சு. சுண்ணாம்பு பூச்சுன்னா அது காத்துல இருக்கிற கரியமில வாயுவ இழுத்து இழுத்து மெதுவா திரும்பவும் கல்லா மாறுற சாமான், அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடி இருக்கும், அது வழியாத்தான் சுவரு மூச்சு விடுது. தரையிலேர்ந்து ஏறுற ஈரம், கடல் காத்து உப்பு, எல்லாம் அது வழியாத்தான் வெளிய போவுது. இந்த டவுனு கடலோரம், அந்த ஓட்டை இல்லேன்னா இந்நேரம் பாதி கடைவீடு உதிர்ந்திருக்கும்.

இப்ப ஸ்ப்ரே பெயிண்ட் மேலாக்க உக்காந்திருக்கு. நீங்க தின்னர் ஊத்துனா என்னாவும்? காஞ்ச பெயிண்ட் தண்ணியாவும், தண்ணியான பெயிண்ட் எங்க போவும், அந்த ஓட்டைக்குள்ள போவும். மேல துடைச்ச மாதிரி இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு பாத்தா அதே "நினைவிள்" சாம்பல் நிறத்துல பேய் மாதிரி உள்ளேர்ந்து தெரியும். அதுக்கப்புறம் அந்த பூச்ச கொத்தி எடுத்துட்டு புதுசா பூசறத தவிர வேற வழி கிடையாது. இரும்பு பிரஷ் போட்டா அந்த வேலையும் மிச்சம், பிரஷே கொத்தி எடுத்துரும். சில பேரு வாட்டர் ஜெட் கொண்டாந்து அடிப்பாங்க, கார் கழுவுற மாதிரி, பெயிண்டோட சுவத்து தோலும் உரிஞ்சு வரும்.

சரியான முறை என்னன்னா, மண்பொடி இல்லேன்னா காகிதக் கூழுல பெயிண்ட் கரைக்கிற மருந்த கலந்து மாவு மாதிரி பெசஞ்சு சுவத்துல அப்பி, மேல பிளாஸ்டிக் போட்டு மூடி விட்டுரணும். கட்டிக்கு பத்து போடுவோம் இல்ல, அதே கதைதான். பெயிண்ட் உள்ள இறங்காம வெளிய, அந்த மாவுக்குள்ள ஏறும். ஒரே தடவையில போகாது, மூணு நாலு தடவை. அதுக்கு முன்னாடி யாரும் பாக்காத மூலையில கைப்புடி அளவு செஞ்சு பாக்கணும், எந்த மருந்துக்கு எந்த சுவரு ஒத்து வரும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, சீக்கிரம் செஞ்சா நல்லது, நாளாக நாளாக பெயிண்ட் இறுகும்.

நீங்க செய்யக்கூடியது: போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு அடி ஸ்கேல் வெச்சு எடுங்க, தேதி எழுதி வைங்க. கட்டடத்து சொந்தக்காரருக்கும் ஜார்ஜ்டவுன் வேர்ல்ட் ஹெரிட்டேஜ் ஆபீஸுக்கும் ஈமெயில்ல போடுங்க, வாயால சொன்னா காத்தோட போயிரும், எழுத்துல இருந்தா யாராச்சும் பதில் சொல்லித்தான் ஆவணும். போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுக்கலாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
ஐயோ அண்ணே, நல்லவேளை கேட்டேன். பத்து போடுறதுன்னு சொன்னதும் எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துருச்சு. ஈமெயில் இன்னைக்கே போடுறேன். தின்னர் டின்ன கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டான், பதினெட்டு வெள்ளி போச்சு.

ஜெலுத்தோங்_ஜோ:
எனக்கு ஒரு டவுட்டு, யாரும் கோவிச்சுக்காதீங்க. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல அந்த லித்துவேனியாக்காரர் 2012 பெஸ்டிவலுக்கு சைக்கிள்ல போற ரெண்டு பிள்ளைங்கள வரைஞ்சாரே, அதுவும் பழைய சுவருதானே? அங்க மட்டும் க்யூவுல நின்னு போட்டோ எடுக்குறோம், அதே சுவத்துக்கு பெயிண்ட் அதே பெயிண்ட்தானே. பெரிய ஆளு வரைஞ்சா கலை, நம்ம பையன் எழுதுனா குத்தமா? ள் தப்பா எழுதிட்டான்கிறதுக்காகவா?

சுண்ணாம்புக்காரன்:
தம்பி கேள்வி நியாயம்தான். அது பெஸ்டிவலுக்கு கூப்பிட்டு, கேட்டு வரைஞ்சது, இது ராத்திரி வந்து அடிச்சது, மொத வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா சுவத்துக்கு அனுமதி எல்லாம் தெரியாது. படமா இருந்தாலும் பெயிண்ட் பெயிண்ட்தான், அடைக்கிற இடத்த அடைக்கும். அந்த 2012 படம் ஹிட் ஆனதும் ஆளாளுக்கு பூனை, மீனு, கார்ட்டூன்னு பழைய சுவத்துல அடிக்க ஆரம்பிச்சாங்களே, எனக்கு அப்பவே புடிக்கல. கம்பிய வளைச்சு 52 கேலிப்படம் தெருவெல்லாம் மாட்டியிருக்காங்க பாருங்க, அந்த யோசனை எவ்வளவோ மேல், கழட்டுனா ஆணி ஓட்டையோட போச்சு.

ஜெலுத்தோங்_ஜோ:
அப்ப ஜோகூர்ல 2013ல அதே ஆளு லெகோ பொம்மை, மூலையில கத்தியோட திருடன்னு வரைஞ்சாரே, அத மட்டும் உடனே வெள்ளை அடிச்சு மறைச்சாங்க. ஆக ஊரு மானம் போற மாதிரி வரைஞ்சா வேகமா அழிப்பாங்க, அக்கா சொல்ற மாதிரி சும்மா ஹார்ட்டு வரைஞ்சா ஆள் லீவு. நான் சொல்ல வந்தது அதான்.

செந்தூல்_பையன்:
கேஎல்லேர்ந்து எழுதுறேன். அனுமதி பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், 2018 ஆகஸ்ட்ல பத்துமலை 272 படிக்கும் கலர் அடிச்சாங்களே கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி, அப்ப வாரிசான் டிபார்ட்மெண்ட் எங்ககிட்ட கேக்காம அடிச்சுட்டாங்க, 2005 வாரிசான் சட்டப்படி கேக்கணும்னு சொன்னாங்க, லிஸ்ட்லேர்ந்தே எடுத்துருவாங்கன்னு பேச்சு வந்துச்சு. நம்ம ஆளுங்க பாதி பேரு எங்க கோயில் எங்க படின்னு சண்டைக்கு நின்னோம், நானும்தான். இப்ப அந்த கலர் படியத்தான் ஊரு உலகமே வந்து போட்டோ எடுக்குது. நான் அத தப்புன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன், ஆனா அன்னைக்கு கேக்க வேணாம்னு சொன்ன வாயால இன்னைக்கு இந்த பையன மட்டும் ரோத்தான் அடிங்கன்னு சொல்ல எனக்கு கொஞ்சம் கூச்சமா இருக்கு.

பிறை_சிங்கம்:
கோயிலையும் கிறுக்கலையும் ஒண்ணா வைக்காதீங்க ப்ரோ. அது சாமிக்கு செஞ்சது. இவன் சிட்டுக்கு செஞ்சது.

செந்தூல்_பையன்:
ஹாஹா சரி. ஆனா பத்துமலை குகைக்குள்ள பாறையில எழுதியிருக்கிற பேருங்க எல்லாம் எந்த சாமிக்கு?

ரிட்டையர்ட்_டீச்சர்:
பிள்ளைகளே, நான் முப்பத்தஞ்சு வருஷம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள். அந்த ள் என் வகுப்பிலிருந்து போயிருக்குமோ என்று நேற்று முழுக்க ஒரு சங்கடம். அது போகட்டும்.

ரோத்தான், ஐசி நம்பர் என்று பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லணும். இலங்கையில் சிகிரியா மலை இருக்கிறதே, அஞ்சாம் நூற்றாண்டு காசியப்ப ராஜா கோட்டை, நாங்க டூர் போயிருந்தோம். அங்கே கண்ணாடிச் சுவர் என்று ஒன்று, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாகப் பூசினதாம், ஆறாம் நூற்றாண்டிலிருந்து பதினாலாம் நூற்றாண்டு வரைக்கும் மலை ஏறினவன் எல்லாம் அதில் சிங்களத்தில் பாட்டு எழுதி வைத்திருக்கிறான், மேலே வரைந்திருக்கிற பெண்களைப் பார்த்து உருகி உருகி. அதில் 685 பாட்டை பரணவிதானன்னு பெரிய அறிஞர் படித்து 1956ல் புத்தகமாகவே போட்டார். அதாவது அன்றைக்குக் கிறுக்கினவனுடையது இன்றைக்கு இலக்கியம்.

அதே சுவரில் 2015ல் மட்டக்களப்புப் பக்கமிருந்து வேலை செய்கிற இடத்து ஆட்களோடு சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப் பெண், ஏழைப் பிள்ளை, தன் பேரைக் கீறிவிட்டாள். ரெண்டு வருஷம் சிறை. ரெண்டு வருஷம்! அப்புறம் பல பேர் மனு கொடுத்து, ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்து வெளியே வந்தாள். அவள் செய்தது தப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பேரும் படமும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, இன்றைக்குத் தேடினாலும் வரும். சிங்கம் தம்பி, நீங்கள் ஐசி எடுத்து வைரல் பண்ணப் போகிற பையனுக்குப் பதினேழு வயசாக இருந்தால்? அந்தப் பெண் பிள்ளை பேரும் கூட இருக்கிறதே, அவள் ஸ்ப்ரே அடித்தாளா? அவளுக்கு இது தெரியுமா என்பதே சந்தேகம்.

பிறை_சிங்கம்:
டீச்சர் அந்த பொண்ணு விஷயம் நான் யோசிக்கல. சரி போட்டோ போட வேணாம். ஆனா பையன் மேல கோவம் கோவம்தான்.

எஸ்பி_குமார்:
நான் சுங்கைப்பட்டாணி. உங்க எல்லாரோட கோவத்தையும் பாக்கும்போது எனக்கு வேற ஒரு கோவம் வருது.

பூஜாங் பள்ளத்தாக்கு எங்க வீட்டுலேர்ந்து மோட்டார்ல அரை மணி நேரம். கடாரம் கடாரம்னு மேடையில பேசுறோமே, ராஜேந்திர சோழன் 1025ல கப்பல் அனுப்புனான்னு நெஞ்ச நிமித்துறோமே, அந்த கடாரத்து மண்ணு. அங்க 11ஆம் நம்பர் சண்டி, அதாவது பழங்காலத்து கோயில், ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, சுங்கை பத்துல இருந்துச்சு. 2013ல வீட்டு மேம்பாட்டுக்காக நிலத்த சுத்தம் பண்ணும்போது புல்டோசர் விட்டு தரைமட்டமாக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா நிலம் தனியார் நிலம், பாதுகாக்க வேண்டிய இடம்னு கெசட் பண்ணல, அங்க அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாதுன்னாங்க. நாங்க நேர்ல போய் பாத்தோம், செங்கல் எல்லாம் குமிச்சு வெச்சிருந்தது, எங்கப்பா ஒரு செங்கல்ல கையில எடுத்து மண்ண தட்டிட்டு திரும்ப அதே இடத்துல வெச்சாரு, வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

அதுக்கு பேப்பர்ல ஒரு மாசம் சத்தம் இருந்துச்சு. அப்புறம்? ஸ்ப்ரே அடிச்சவன் பேரு சுவத்துலயே இருக்கு, புடிக்கலாம், திட்டலாம், இனத்தையே சேத்து திட்டலாம். புல்டோசர் போன சுவத்துல பேரு எழுத இடமே இல்ல.

செந்தூல்_பையன்:
குமார் அண்ணே சொல்றது சரி. இருந்தாலும் அது பெருசுங்கிறதால இது சின்னதாயிராது. கேஎல்ல துகு நெகாரா, அதான் தேசிய நினைவுச் சின்னம், 1966ல தொறந்தாங்க, 1975ல கம்யூனிஸ்டுங்க குண்டே வெச்சாங்க, சிலைங்க உடைஞ்சுச்சு, மறுபடி சரி பண்ணி நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி கோவத்த வேலையா காட்டுனா நல்லாருக்கும்.

சுண்ணாம்புக்காரன்:
துகு வெண்கலம் தம்பி. வெண்கலத்த திரும்ப வார்க்கலாம், ஒட்டலாம். 11ஆம் நம்பர் சண்டிய எத வெச்சு வார்க்கிறது.

பூச்சும் அப்படித்தான். இங்க செயிண்ட் ஜார்ஜ் சர்ச்சு 1818ல முடிச்சாங்க, இந்தியாவுலேர்ந்து கொண்டாந்த கைதிங்கதான் கட்டுனாங்க. சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ்லயும் நம்ம கைதிங்கதான், அங்க மெட்ராஸ் சுண்ணாம்பு, சிப்பி சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் போட்டு, தேங்கா மட்டை ஊற வெச்ச தண்ணிய ஊத்தி அரைச்சு பூசி, அப்புறம் கல்லால தேச்சு தேச்சு பளிங்கு மாதிரி ஆக்குவாங்க. அவன் கால்ல விலங்கோட தேச்சானோ என்னமோ. அவன் எங்கயும் பேரு எழுதல. எழுத விட்டிருப்பாங்களா. நான் சுவத்துல உள்ளங்கைய வெச்சு பாக்கும்போது சில இடத்துல கரணை போன தடம் தட்டுப்படும், வலது கைக்காரனா இடது கைக்காரனான்னு கூட சொல்லிரலாம். அதுதான் எனக்கு அவன் கையெழுத்து. அது மேல ஸ்ப்ரே அடிக்கிறவன்மேல எனக்கும் கோவம் இல்லாம இல்ல, ஆனா அந்த பையன எங்கிட்ட ஒரு வாரம் விடுங்க, மாவு பெசஞ்சு பத்து போடட்டும், மூணாவது நாளு அவனே வாட்ஸாப்புல நம்ம சிங்கம் மாதிரி பேசுவான்.

பிறை_சிங்கம்:
😂 அண்ணே என்னயும் சேத்து கூப்பிடுங்க, சனிக்கிழமை லீவுதான்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
அப்டேட். ஈமெயில் அனுப்பி மறுநாளே பதில் வந்துச்சு, வெள்ளிக்கிழமை ஆள் வந்து பாக்குறோம்னு. எனக்கு சந்தோஷம், டீச்சர் சொன்னத சின்ன மாமாகிட்ட வாசிச்சு காட்டி குரூப்பையும் அமைதியாக்கிட்டேன்.

இன்னைக்கு காலையில போய் பாக்குறேன், யாரோ ராத்திரியோட ராத்திரியா வெள்ளை பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க! நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பாங்க போல, பேஸ்புக்ல அந்த படத்துக்கு கீழ ஒருத்தரு "வேலை முடிஞ்சது" னு கட்டை விரல் காட்டியிருக்காரு, ஆயிரம் லைக். பக்கத்து கட்டடத்து ஜாகாகிட்ட (வாட்ச்மேன்) கேட்டா ஏணி, ரோலர், பெரிய டின்னு எல்லாம் கொண்டாந்தாங்க, அரை மணி நேரத்துல முடிச்சுட்டு போயிட்டாங்கன்னாரு. சுத்தி இருக்கிற சுவரு பழுப்பு, நடுவுல கதவு சைசுக்கு பளிச்சுனு ஒரு வெள்ளை சதுரம். ஹார்ட்டும் பேருங்களும் மறைஞ்சு போச்சு, கீழ ரோலர் எட்டாத இடத்துல "விள்" மட்டும் இன்னும் இருக்கு.

சுண்ணாம்புக்காரன்:
அம்மா டின்னு பக்கத்துல எங்கயாச்சும் கிடக்கான்னு பாருங்க. சாதா எமல்ஷனா வெதர்ஷீல்ட் மாதிரி ஈரம் புகாத பெயிண்டான்னு தெரியணும். வெதர்ஷீல்டா இருந்தா ஈரம் உள்ள மாட்டிக்கும், உப்பு பூச்சுக்கு பின்னாடி கட்டும், அடுத்த மழைக்காலத்துல அப்பளம் மாதிரி உப்பி உதிரும், ஹார்ட்டோட சேத்து.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
டின்னு இல்லண்ணே. தரையில சிந்துனது மட்டும் இருக்கு. நகத்தால சுரண்டி பாத்தேன், ரப்பர் மாதிரி இழுவையா வருது.

சுண்ணாம்புக்காரன்:
சரி. சுரண்டாதீங்க. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றாங்களாம்? நானும் வர்றேன்.